பெயர்ப் பலகையும் குழந்தையின் கையும்

மே மாதம் பிறந்துவிட்டால் போதும். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பெற்றோரின் உள்ளத்தில் ஒரே கவலை குடிபுகுந்துவிடுகின்றது. "பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?" என்பதே அக்கவலை. மூன்று வயதும் நிரம்பாத மழலைக்காக விண்ணப்பத் தாள் கேட்டு வரிசையில் நிற்கும் தந்தையரையும், தாலிச் சங்கிலி நீங்கலாக ஏனைய நகைகளை அடகுக் கடையில் வைத்துக் கட்டணம் செலுத்தும் தாய்மாரையும் ஆண்டுதோறும் நாம் காண்கின்றோம். சிபாரிசுக் கடிதம் வேண்டிப் பங்கு இல்லத்தின் படியேறி வருவோர் கையில் பள்ளிகளின் விளம்பரத் தாள்கள் இருக்கும். அவற்றுள் பலவற்றில் 'மாண்டிசோரி முறையில் கல்வி' என்ற சொற்கள் கொட்டை எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். "அது என்ன முறை அம்மா?" என்று வினவினால், "இங்கிலீஷ் நல்லா வரும் சாமி" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

மாண்டிசோரி என்பது ஒரு பெண்மணியின் பெயர். அவர் மருத்துவர், கத்தோலிக்கர், நம் தமிழகத்திலேயே சில ஆண்டுகள் தங்கி வாழ்ந்தவர். அவர் கண்ட கல்வி முறைக்கும் ஆங்கில மொழிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று பிறந்ததும் அன்று. சேரிப் பிள்ளைகளுக்காகப் பிறந்தது. அத்தகைய கல்வி எவ்வாறு கட்டணம் மிகுந்த சரக்காக மாறியது? அதன் உட்பொருள் யாது? பள்ளி தேடும் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியது என்ன? இவற்றைச் சற்றே விரிவாகக் காண்போம்.

மணலில் எழுதிய விரல்

புதுமைக் கல்வி என்றவுடனே அது கடல் கடந்து வந்த பண்டம் என்று எண்ணுவது நம்மவர் வழக்கம். நம் முன்னோர் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளை முதலில் தொட்டது ஏட்டையன்று, மணலை. பரப்பிய மணலில் ஆட்காட்டி விரலால் எழுத்தை வரைந்து, அதன்மேலேயே பன்முறை விரலோட்டிப் பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் அவன் கைக்கு வந்தன. புளியங்கொட்டைகளை எண்ணிக் கணக்குக் கற்றான். வகுப்பில் மூத்தவனான சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக் கொடுத்தான்.

சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைப் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்தார். அதனைத் தம் இல்லத்திலும் புகுத்தினார்; மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்தார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் பயனாக அம்முறை 'சென்னை முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவிற்று. ஆம், நம் திண்ணையிலிருந்து ஒரு கல்விமுறை மேலைநாட்டிற்குக் கப்பலேறிய காலமும் இருந்தது!

செட்டிநாட்டிற்கே உரிய மற்றொரு பள்ளியும் உண்டு. நகரத்தார் குடும்பத்துச் சிறுவன், பர்மாவிலோ மலேயாவிலோ இலங்கையிலோ இருந்த கிட்டங்கிக்குப் பெட்டியடிப் பையனாகச் செல்வான். பணப்பெட்டியின் அருகே அமர்ந்து ஏவல் செய்வான். பேரேடு எழுதுவதைப் பார்ப்பான். வட்டிக் கணக்கை மனத்தாலேயே போடப் பழகுவான். பின்பு அடுத்தாளாக உயர்வான். நம்பிக்கைக்கு உரியவன் ஆனால் ஏஜெண்டாகத் தனியே ஒரு கடையையே நடத்துவான். கரும்பலகையும் தேர்வுத் தாளும் இல்லாத அப்பள்ளி, செய்து கற்கும் பள்ளி. கடல் கடந்த வாணிகத்தைத் தாங்கி நின்றவர் பலர் அதன் மாணவரே.

எனினும், பழையன யாவும் பொன் என்று கூறிவிட இயலாது. அதே திண்ணையில்தான் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனை இருந்தது. பிரம்பு ஓயாமல் பேசிற்று. ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைக்கு அத்திண்ணையில் இடமில்லை. பெண் பிள்ளைக்கும் பெரும்பாலும் இடமில்லை. கற்கும் வழி நன்று. கற்போரை நடத்திய விதம் தீது. இவ்விரண்டையும் பிரித்தறிந்து, முன்னதைக் கொண்டு பின்னதைத் தள்ளும் ஒருவர் தேவைப்பட்டார்.

உரோமை நகரத்துச் சேரியில்

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்டு 31-இல் இத்தாலியில் கியாராவல்லே என்னும் ஊரில் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அந்நாளில், எதிர்ப்புகளைத் தாங்கி 1896-இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அறிவு வளர்ச்சி குன்றியவர் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடு பணியாற்றியபோது, அவர்களுக்குத் தேவை மருந்தன்று, கைக்கும் கண்ணுக்கும் தகுந்த பயிற்சியே என உணர்ந்தார். அப்பயிற்சியால் அவர்கள் எழுதவும் படிக்கவும் கற்றபோது உலகம் வியந்தது. அவரோ, நலமுள்ள குழந்தைகளை நம் பள்ளிகள் என்ன பாடுபடுத்துகின்றன என்று எண்ணி வருந்தினார்.

1907 ஜனவரி 6, மூன்று அரசர் திருநாள். உரோமை நகரில் ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. அது திறக்கப்பட்ட காரணமோ நகைப்பிற்கு உரியது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் மாடிப் படிகளில் ஓடித் திரிந்து சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கும் சிறுவர்களை ஓர் அறையில் அடைத்து வைத்தால் நலம் என்று கட்டட உரிமையாளர்கள் கருதினர். அதற்கு மேற்பார்வையாளராக அழைக்கப்பட்டவர் மாண்டிசோரி அம்மையார். அடைத்து வைக்கக் கருதிய அறையிலிருந்தே குழந்தையின் விடுதலை தொடங்கியது!

அவர் அங்கே கண்டவை சில. ஒருநாள் ஆசிரியை காலம் தாழ்த்தி வந்தார். கருவிகள் வைத்த அலமாரியும் பூட்டப்படாதிருந்தது. வந்து பார்க்கையில் குழந்தைகள் தாமே தமக்கு விருப்பமானவற்றை எடுத்து அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தனர். திருட்டு என்று ஆசிரியை கருதினார்; தேர்ந்துகொள்ளும் ஆற்றல் என்று அம்மையார் கருதினார். அன்று முதல் உயர்ந்த அலமாரிகள் நீங்கிக் குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்ந்த தட்டுகள் வந்தன.

மற்றொரு நாள், ஓசையின்றி மூக்குச் சிந்துவது எப்படி என்று அவர் செய்து காட்டினார். குழந்தைகள் சிரிக்கவில்லை, கைதட்டினர். மூக்கு ஒழுகுகின்றது என்று எந்நேரமும் ஏசப்பட்ட அவர்களுக்கு, ஏசாமல் கற்றுக் கொடுத்தவர் அதுவரை ஒருவரும் இல்லை. தூய்மையையும் மரியாதையையும் ஏழைக் குழந்தை வெறுப்பதில்லை, இழிவுபடுத்தப்படுவதையே வெறுக்கின்றது. பெரியவர்களாகிய நாம் மறந்துவிடும் இவ்வுண்மையை அம்மையார் அங்கே கண்டார். சீடர்களின் நடுவே ஒரு குழந்தையை நிறுத்தி, அதனைப் போல் ஆகுங்கள் என்ற ஆண்டவரின் செயல் நம் நினைவுக்கு வருகின்றதன்றோ?

அடையாறும் கோடைக்கானலும்

1939 நவம்பரில், தம் 69-ஆம் வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் அவருடைய முதல் பயிற்சி வகுப்பில் சேர்ந்தனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துக் கூறினார்.

சில திங்கள் தங்கிச் செல்ல வந்தவரைப் போர் தடுத்துவிட்டது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, இங்கிருந்த இத்தாலியர் பகை நாட்டினர் எனக் கருதப்பட்டனர். மாரியோ சிறை முகாமுக்கு அனுப்பப்பட்டார். அம்மையாரின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. அவருடைய 70-ஆம் பிறந்த நாளில் மகன் விடுவிக்கப்பட்டுத் தாயிடம் சேர்ந்தார். 1942 முதல் 1944 வரை இருவரும் நமக்கு அண்மையிலுள்ள கோடைக்கானலில் வாழ்ந்தனர். அங்கே பல வயதினரான குழந்தைகளோடு மலையையும் செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் நோக்கி, படைப்பு முழுமையும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைச் சிறுவர்க்கு உணர்த்தும் கல்வியை உருவாக்கினர். 'அண்டக் கல்வி' என நாம் அதனை அழைக்கலாம். 1946-இல் நாடு திரும்பிய அவர், மறு ஆண்டே மீண்டும் வந்து 1949 வரை இங்குப் பணியாற்றினார். அவரிடம் இந்நாட்டில் பயிற்சி பெற்றோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர். 1952 மே 6-இல் நெதர்லாந்து நாட்டில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

காந்தியடிகள் எழுப்பிய வினா

இதற்கு முன்னரே, 1931 அக்டோபரில், வட்டமேசை மாநாட்டிற்காக இலண்டன் சென்றிருந்த காந்தியடிகள் அம்மையாரின் ஆசிரியப் பயிற்சி நிலையத்தில் உரையாற்றினார். அழகாக உடுத்திய குழந்தைகளின் அமைதியையும் ஒழுங்கையும் கண்டபோது, பட்டினி கிடக்கும் இந்தியக் கிராமத்துக் குழந்தைகள் அவர் மனக்கண்முன் தோன்றினர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி வறியவர் பிள்ளைகளுக்கும் இத்தகைய கல்வி கிட்டுமா என்னும் ஏக்கத்தை அவர் அங்கே வெளியிட்டார். உலகில் உண்மையான அமைதி வேண்டுமெனில் குழந்தைகளிடமிருந்தே தொடங்க வேண்டும் என்றும் கூறினார்.

குஜராத்தின் பாவநகரில் கிஜுபாய் பதேகா 1920-இல் தொடங்கிய பால மந்திரம், இம்முறையை நம் நாட்டுக் கதைகளோடும் பாடல்களோடும் எளிய பொருள்களோடும் இணைத்து அவ்வினாவுக்கு முன்னமே ஒரு விடை கண்டிருந்தது. 1937-இல் காந்தியடிகளே வகுத்த ஆதாரக் கல்வி மற்றொரு விடை. அவ்வழியில் 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனும் திண்டுக்கல் அருகே நிறுவிய காந்திகிராமத்தை நம் வாசகர்களுள் பலர் நேரில் கண்டிருப்பர்.

காரைக்குடிக்கு வந்த மழலைப் பள்ளி

இனி நம் ஊருக்கு வருவோம். 1909-இல் கோட்டையூரில் பிறந்த இராம. அழகப்பச் செட்டியார், இலண்டன் சென்று சட்டம் பயின்றவர். வானூர்தி ஓட்டவும் கற்றவர். நூற்பாலைகளாலும் பிற தொழில்களாலும் பெரும்பொருள் ஈட்டியவர். 1947 ஜூலையில் சென்னையில் நிகழ்ந்த கூட்டமொன்றில், பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் கல்லூரிகள் நிறுவ முன்வர வேண்டுமென வேண்டினார். அக்கூட்டத்திலேயே எழுந்து காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக உறுதி கூறினார் அழகப்பர். அடுத்த மாதமே கல்லூரி தொடங்கிவிட்டது! மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்திற்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25-இல் நேரு பெருமகனார் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

இவை பலரும் அறிந்தவை. நாம் இங்குச் சுட்ட விரும்புவது வேறொன்று. பொறியியல் கல்லூரியும் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியும் கண்ட அதே கொடையாளரின் பெயரால் அமைந்த கல்வி நிலையங்களின் வரிசையில், மழலையர்க்கான மாண்டிசோரிப் பள்ளியும் ஒன்று. வறண்ட முட்புதர்க் காடாய்க் கிடந்த நிலத்தில், ஆராய்ச்சியாளரும் அரும்பு மழலையும் ஒருசேரக் கற்கும் கல்விக் குடியிருப்பு எழுந்தது. கல்வி என்னும் மாடத்திற்கு மேல்தளம் எவ்வளவு முதன்மையோ, முதற்படியும் அவ்வளவு முதன்மை என்பதையன்றோ இது காட்டுகின்றது! 1957 ஏப்ரல் 5-இல், 48 வயது நிறைவதற்கு ஒரு நாள் இருக்கையில், அழகப்பர் மறைந்தார். கொடையால் எழுந்த பெயர் அது. அதனைக் கேட்டுப் பழகிய நம் ஊரில், அதே 'மாண்டிசோரி' என்னும் சொல் இன்று விளம்பரப் பலகைகளில் விலை கூறுவதைக் காணும்போது மனம் நோகின்றது.

புதுமைப் பள்ளியின் ஒரு நாள்

மெய்யான மாண்டிசோரிப் பள்ளியில் ஒரு காலைப்பொழுது எவ்வாறு கழியும்? மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ளோர் ஒரே அறையில் இருப்பர். ஏறத்தாழ மூன்று மணி நேரம் மணியோசையின் குறுக்கீடு இராது. ஒருத்தி சிறு குவளையிலிருந்து நீரைச் சிந்தாமல் ஊற்றப் பழகுகின்றாள். ஒருவன் சட்டத்தில் பொருத்திய துணியில் பொத்தானை மாட்டிக் கழற்றுகின்றான். இன்னொருத்தி உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தின்மீது விரலோட்டுகின்றாள். நம் பாட்டனாரின் மணல் இங்கே அட்டைமேல் ஏறியிருக்கின்றது! மூத்தவன் இளையவனுக்குக் காட்டிக் கொடுக்கின்றான். சட்டாம்பிள்ளை இங்கே பிரம்பில்லாமல் வருகின்றான்.

கணக்குக்கு மணிகள் உண்டு. ஒன்றுக்கு ஒரு மணி. பத்துக்கு ஒரு கோவை. நூறுக்கு ஒரு சதுரம். ஆயிரத்திற்கு ஒரு கனசதுரம். ஆயிரம் என்பது ஒன்றைவிட எத்துணைப் பெரிது என்பதைக் குழந்தை கையில் தூக்கி உணர்கின்றது. மர உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் பொருத்துகையில் தவறு நேர்ந்தால், இறுதியில் ஓர் உருளை பொருந்தாமல் நிற்கும். "தவறு!" என்று கூற ஆசிரியை வேண்டியதில்லை, பொருளே கூறிவிடும். தன் தவறைத் தானே கண்டு தானே திருத்திக்கொள்ளும் குழந்தைக்குப் பொய் சொல்லும் தேவை ஏது? அஞ்சும் தேவைதான் ஏது?

பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. ஆனால் கட்டுப்பாடு உண்டு. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். பிறர் வேலையைக் கலைத்தல் ஆகாது. ஒரு கருவி ஒன்றே இருப்பதால், அடுத்தவர் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமை என்னும் அறம் இவ்வாறு போதனையின்றியே பயிலப்படுகின்றது.

சற்றே வளர்ந்த மாணவர்க்கு அம்மையார் கூறிய வழி இன்னும் துணிவானது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் நிலத்தில் உழைக்கவும், விளைந்ததை விற்கவும், வரவு செலவு எழுதவும், தம் கூட்டு வாழ்வைத் தாமே நடத்தவும் பழக வேண்டும் என்றார் அவர். பெட்டியடிப் பையனின் பள்ளி, அடிமைத்தனம் நீங்கி இங்கே மீண்டும் தோன்றக் காண்கின்றோம். ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா நகரில் அவர் முறையைப் பின்பற்றிய குழந்தைகள், கோதுமை விதைத்தும் திராட்சைக்கொடி வளர்த்தும், திருப்பலிக்குரிய அப்பத்தையும் இரசத்தையும் தம் உழைப்பின் காணிக்கையாகக் கருதப் பழகினர். மறைக்கல்வி வகுப்பை வெறும் மனப்பாட வகுப்பாக்கிவிட்ட நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

செட்டிநாட்டுப் பள்ளிகள் இத்தகைய பணித் திட்டங்களுக்குத் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றித் தளக்கல் வார்க்கின்றனர். வடிவக் கணிதம் அங்கே காத்திருக்கின்றது. கண்டாங்கிச் சேலை நெய்யும் தறியில் எண்ணும் விகிதமும் ஊடும் பாவுமாய் ஓடுகின்றன. பனையோலைக் கொட்டான் முடையும் பாட்டியிடம் கற்க எத்துணையோ உண்டு. மழைநீர் எவ்வழியே ஓடி ஊரணியை நிரப்புகின்றது, எங்கே அடைபட்டது என்று ஒரு வகுப்பு முழுவதும் நடந்து சென்று படம் வரையலாம். அறிவியல், புவியியல், குடிமையியல் மூன்றும் ஒரே நாளில் முடியும். செலவோ மிகக் குறைவு.

பெயர் ஒன்று, பொருள் வேறு

நிற்க. 'மாண்டிசோரி' என்பது எவருக்கும் தனியுரிமையான வணிகப் பெயர் அன்று. 1967-இல் அமெரிக்காவில் எழுந்த வழக்கொன்றில் இது தெளிவாக்கப்பட்டது. அம்மையாரே 1929-இல் நிறுவிய உலகச் சங்கம் ஒன்று உண்டு. ஆயினும் அதன் ஒப்புதல் இன்றியே எவரும் இப்பெயரைத் தம் பள்ளிக்குச் சூட்டிக்கொள்ளலாம். விளைவு யாது? பெயர் பலகையில் இருக்கின்றது. பலகைக்கு உள்ளே மூன்று வயதுக் குழந்தை பெஞ்சில் கைகட்டி அமர்ந்து, பென்சிலை இறுகப் பிடித்து, வீட்டுப் பாடம் எழுதுகின்றது.

இதற்குப் பள்ளிகளை மட்டும் குறை கூறுதல் நீதியன்று. "என்ன எழுதிப் போட்டார்கள்?" என்று மாலைதோறும் நோட்டைப் புரட்டுபவர் பெற்றோரே. நீர் ஊற்றியதையும் மணி கோத்ததையும் சொன்னால், "இதற்கா இவ்வளவு கட்டணம்?" என்று சீறுபவரும் அவரே. பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு, புத்தக மூட்டையின் பளுவைவிடப் புரியாமல் படிப்பதன் பளுவே கொடியது என்று 1993-இலேயே எடுத்துரைத்தது. ஆண்டுகள் பல கடந்தும் மூட்டை இறங்கவில்லை, புரிதலும் ஏறவில்லை.

ஏழைக்கு எட்டிய வரலாறு

காந்தியடிகளின் ஏக்கத்திற்குத் தமிழ்நாடு ஒருமுறை பெரிய அளவில் விடை கூற முயன்றது. ஆந்திர மாநிலத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் எண்ணத்தில் தோன்றிய ரிஷிவேலிப் பள்ளி, தன்னைச் சூழ்ந்த சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக அட்டைகளும் 'கற்றல் ஏணி'யும் கொண்ட எளிய முறையை உருவாக்கியிருந்தது. அதனையும் மாண்டிசோரிக் கருத்துகளையும் அடிப்படையாகக் கொண்டு, சென்னை மாநகராட்சி ஆணையராயிருந்த எம்.பி. விஜயகுமார் 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரைக்கு இறங்கினார். குழந்தையின் உயரத்திற்குச் சுவரில் கரும்பலகை அமைந்தது. பிள்ளைகள் பாய்மேல் குழுவாக அமர்ந்து, தத்தம் வேகத்திற்கு ஏற்ப அட்டைகளைக் கடந்து ஏணியில் ஏறினர். சில ஆண்டுகளுக்குள் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் அது விரிந்தது. கூலித் தொழிலாளியின் பிள்ளை, கட்டணமின்றி, சான் லொரென்சோவின் காற்றைச் சுவாசித்தது!

குறைகளும் இருந்தன என்பதை மறைக்கலாகாது. பல வகுப்புகளை ஓர் ஆசிரியரே தாங்கிய இடங்களில் அது தளர்ந்தது. அட்டைகள் கிழிந்தபின் புதியன வரத் தாமதமாயின. மேலிருந்து ஆணையாக வந்த புதுமை, ஆசிரியரின் உள்ளத்தில் வேர்கொள்ளாத இடங்களில் சடங்காயிற்று. பின்னர் முறைகள் மாறின. 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், ஏழைப் பிள்ளைக்கு இத்தகைய கல்வி எட்டாது என்ற கூற்றை அம்முயற்சி பொய்யாக்கிவிட்டது. இனி, பணமில்லை என்பது காரணமாகாது. மனமில்லை என்பதே காரணம்.

நம் பள்ளிகளுக்கும் ஒரு சொல்

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மாணவரை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கின்றது. சேர்க்கையின்போது நன்கொடை பெறுவதையும், தேர்வு வைத்து வடிகட்டுவதையும் விலக்குகின்றது. தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்கவும் பணிக்கின்றது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பள்ளிகள் அவ்விலக்கைப் பெற்றவை.

நாம் வெளிப்படையாகவே கூறுகின்றோம்: சட்டம் தந்த விலக்கை மனச்சான்று தந்த விலக்காக நாம் கொள்ளலாகாது. நம் மூதாதையர் பனையோலைக் கொட்டகைகளில் பள்ளி தொடங்கியது யாருக்காக? திண்ணையில் இடம் மறுக்கப்பட்ட பிள்ளைக்காக அன்றோ? அப்பிள்ளையின் பேரன் இன்று நம் வாயிற்கதவுக்கு வெளியே நிற்பானாயின், உள்ளே எத்துணைப் புதுமைக் கருவிகள் மின்னினும் அது புதுமைப் பள்ளி ஆகாது.

பள்ளி தேடும் பெற்றோர் காண வேண்டியவை

பெற்றோர்களே, பெயர்ப் பலகையைப் படித்தபின் ஒருநாள் காலையில் உள்ளே சென்று இவற்றைக் காணுங்கள்:

1. கருவிகள் குழந்தையின் கைக்கு எட்டும் தட்டில் உள்ளனவா? பார்வையாளர்க்காகக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்பட்டுள்ளனவா?

2. வகுப்பில் அதிகம் கேட்பது யாருடைய குரல்? ஆசிரியையின் குரலா, வேலையில் ஈடுபட்ட குழந்தைகளின் மெல்லிய பேச்சா?

3. குழந்தை தவறு செய்தால் முதலில் யாருடைய முகத்தைப் பார்க்கின்றது? தன் வேலையை நோக்கினால் நன்று. அஞ்சி ஆசிரியையை நோக்கினால் நீங்கள் சிந்திக்க வேண்டும்.

4. வீட்டில் பேசும் தமிழில் குழந்தை கேள்வி கேட்க இயலுமா? தாய்மொழியில் பேசியதற்காகத் தண்டம் விதிக்கும் பள்ளியில் மாண்டிசோரியின் பெயர் இருத்தல் தகாது.

5. ஆசிரியைகள் இம்முறையில் பயிற்சி பெற்றவர்களா? எங்கே, எத்தனைக் காலம் பெற்றனர்? இதைக் கேட்பது உங்கள் உரிமை.

6. மூத்த மாணவர்க்குத் தேர்வைத் தவிர வேறென்ன பொறுப்பு உண்டு? தோட்டம், நூலகம், மாணவர் மன்றம், ஊர்ப்பணி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றையாவது அவர்கள் தாமே நடத்துகின்றனரா?

7. கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள் அங்கே எத்தனை பேர்?

இவற்றுக்கு நிறைவான விடை தரும் பள்ளி உங்கள் தெருக்கோடியிலுள்ள அரசுப் பள்ளியாகவே இருக்கலாம். அவ்வாறாயின் அடகுக் கடைக்குச் செல்லும் நடை மிச்சம்.

பள்ளி எதுவாயினும், வீட்டில் உங்களால் இயன்றது ஒன்றுண்டு. நாளையே தொடங்கலாம். குழந்தை தானே சோறு உண்ணட்டும். சிந்தினால் தானே துடைக்கட்டும். தன் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டட்டும்; பள்ளி வண்டி காத்திருப்பின் ஐந்து மணித்துளி முன்னதாக எழுப்புங்கள். பட்டாணி உரிக்கவும் கீரை ஆயவும் அதனையும் அருகே அமர்த்துங்கள். அது மெல்லச் செய்யும், தவறாகவும் செய்யும். அப்போது உங்கள் கை நீண்டு அவ்வேலையைப் பறிக்காமல் இருக்குமாயின், மாண்டிசோரி அம்மையார் அடையாற்றிலும் கோடைக்கானலிலும் ஆண்டுக்கணக்காகக் கற்றுத் தந்த பாடத்தில் பெரும்பகுதியை நீங்கள் கற்றுக்கொண்டீர்கள் என்க.